மோதலே இல்லாத தளம்

பிரிண்ட் எடுத்த படத்தைக் கையில் வாங்கியதுமே யார் வரைந்தது என்று சொல்லிவிடலாம் என்பார்கள். என் படங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. சுவர்க்கோடு தடிமனாக, உள்ளே இருக்கும் சாமான்கள் மெல்லிசாக, அளவுக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், எழுத்தெல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, டிராயிங் போர்டில் கொஞ்ச காலம், ஆட்டோகேடில் நெடுங்காலம் என்று பழகிய கை. கோயம்புத்தூரில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் ஷீட்டைக் காட்டி, "படம்னா இப்படி வரணும்" என்பார்கள். நானும் பக்கத்தில் நின்று, காதில் விழாத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். என்னைக் கவிழ்த்தது இந்தப் பெயர்தான்.

அலுவலகம் ரெவிட்டுக்கு மாறியபோது எனக்கும் பயிற்சி கொடுத்தார்கள். லியோனிட் ரெய்ஸ், இர்வின் யுங்ரைஸ் என்ற இருவர் 1997-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி உருவாக்கிய மென்பொருள் அது. முதல் பதிப்பு 2000-ல் வந்தது. 2002-ல் ஆட்டோகேடின் முதலாளியான ஆட்டோடெஸ்க் 13.3 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. அந்த இருவரும் இயந்திர பாகங்களை வடிவமைக்கும் மென்பொருள் துறையிலிருந்து வந்தவர்கள். அங்கே பொருளை முழுசாகச் செய்துவிடுவார்கள். படம் அதிலிருந்து தானாக விழும். அதையே கட்டடத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு கதவை ஓரிடத்தில் நகர்த்தினால் பிளானில், செக்‌ஷனில், எலிவேஷனில், கதவுப் பட்டியலில் என்று எல்லா இடத்திலும் அது நகர்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் இதைச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். தலைதான் ஆடியது, கை ஆட்டோகேடிலேயே இருந்தது.

வளைகுடா நாடு ஒன்றில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆர்க்கிடெக்சர் மாடல் எங்களுடையது. தண்ணீர்க் குழாய், ஏ.சி., மின்சாரமெல்லாம் வேறொரு அலுவலகம். வீடுகள் இருக்கும் தளங்களை என் ஜூனியர் பெண் ஒருத்தி செய்துகொண்டிருந்தாள். கார் நிறுத்தும் தளத்துக்கு மேலே வரும் போடியம் தளம் என் பொறுப்பு. வேலை முடியும் நேரத்தில் அங்கே ஒரு மாற்றம் வந்தது. ஜிம்மும் நீச்சல்குளமும் சேர்த்தார்கள். அதோடு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உடை மாற்றும் அறைகள், கழிப்பறைகள், ஷவர்கள்.

கமோடு, வாஷ்பேசின் வைக்க ரெவிட்டில் முறையான வழி ஒன்று உண்டு. ஃபேமிலி என்று ரெவிட் சொல்லும் ஆயத்தப் பொருளை, முப்பரிமாணத்தில் உள்ளதாக எடுத்து வைத்தால் போதும். அதற்கு உயரம் இருக்கும், உடம்பு இருக்கும், குழாய் சேரும் வாய் இருக்கும். ஆனால் எங்களிடம் இருந்த ஃபேமிலியின் பிளான் தோற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. கோடுகள் கோணலாக, அளவுக்கு மீறிய விவரத்தோடு இருந்தன. என் பழைய ஆட்டோகேட் பிளாக் எவ்வளவு அழகு! அதை ரெவிட்டுக்குள் இழுத்து, மேலே கோடு போட்டு, டீட்டெய்ல் ஐட்டம் என்ற வகையில் ஒரு ஃபேமிலியாக்கினேன். மாடல் ஏற்கெனவே கனத்துப்போய்த் திணறிக்கொண்டிருந்ததால், எடை குறைவு என்று ஒரு நியாயமும் கிடைத்தது. கட்டக் கட்டமாக நகல் எடுத்து வைத்தேன். பிளான் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது.

டீட்டெய்ல் ஐட்டம் என்பது வெறும் கோடு. வைத்த படத்தில் மட்டும் இருக்கும், கட்டடத்தில் இருக்காது. அதை மட்டமாகவும் சொல்ல முடியாது. சுவரும் ஸ்லாபும் சேரும் இடத்தை 1:5 அளவில் பெரிதாக்கிக் காட்டும்போது சீலண்ட், வாட்டர்ப்ரூஃபிங் படலம், திருகாணி இதையெல்லாம் யாரும் முப்பரிமாணத்தில் செய்யமாட்டார்கள்; செய்தால் மாடல் மூச்சுவிடாது. அங்கே கோடுதான் சரி. நானோ தண்ணீர் வந்து போக வேண்டிய கமோடையே கோடாக வைத்துவிட்டேன். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். பயிற்சியில் சொன்னது நினைவிருந்தது. பிளான் சரியாக இருக்கும்போது மற்றதெல்லாம் எப்படித் தப்பாகும் என்று நினைத்தேன்.

கண்ணுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. பிளானில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நல்ல முப்பரிமாண ஃபேமிலிகள் பலவற்றில் பிளானுக்கென்று தனியாக மெல்லிய கோடுகளை வரைந்து, உடம்பைப் பிளானில் மறைத்துவைத்திருப்பார்கள். கதவு திறக்கும் வளைவுக்கோடு அப்படிப்பட்டதுதான். ஆகவே உடம்புள்ளதும் பிளானில் கோடு, உடம்பில்லாததும் கோடு. கண்ணை மட்டும் நம்பிப் பிழைத்தவனுக்கு இதைவிடப் பொல்லாத பொறி வேண்டியதில்லை.

மென்பொருள் என்னை எச்சரிக்காமல் இல்லை. முதலில், ஆண்கள் பக்கம் வைத்ததையெல்லாம் தேர்ந்தெடுத்து வேறொரு தளத்தில் ஒட்டப் பார்த்தேன். தளங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டும் கட்டளை மங்கிக் கிடந்தது. படங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டும் கட்டளை மட்டும் வேலை செய்தது. 'ரெவிட்டுக்கு அடிக்கடி இப்படிப் பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டு அதையே அழுத்தினேன். கட்டடத்தின் தளங்களில் உன் சாமானை வைக்க முடியாது, காகிதத்தில் வேண்டுமானால் வைத்துக்கொள் என்று இதைவிடத் தெளிவாக ஒரு மென்பொருள் எப்படிச் சொல்லும்?

அடுத்து, டைல்ஸ் படத்துக்காக அந்தத் தளத்தின் பிளானை நகல் எடுத்தேன். நகலில் கமோடெல்லாம் மாயம். விவரங்களோடு சேர்த்து நகல் எடு என்று இன்னொரு கட்டளை இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் எடுத்தேன். எல்லாம் வந்துவிட்டன. ஏன் முதலில் வரவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆனால் வழி தெரிந்துவிட்ட சந்தோஷம் அந்த ஒரு நிமிடத்தைத் தின்றுவிட்டது.

பிறகு செக்‌ஷன். கழிப்பறையை வெட்டிக் காட்டும் படத்தில் சுவர் வந்தது, டைல்ஸ் வந்தது, ஃபால்ஸ் சீலிங் வந்தது. கமோடு வரவில்லை. இங்கேதான் ஆட்டோகேடில் பழகிய கை முந்திக்கொண்டது. ஆட்டோகேடில் செக்‌ஷனில் ஒன்று இல்லை என்றால் அது வரையப்படவில்லை என்று பொருள், உட்கார்ந்து வரைந்துவிடுவோம். அப்படியே வரைந்தேன். பக்கவாட்டுத் தோற்றம், ஃப்ளஷ் டேங்க், பேசினுக்கு அடியில் பாட்டில் டிராப் வரைக்கும் கோடு கோடாக, மிகுந்த அக்கறையோடு. அந்த செக்‌ஷனைப் பார்த்த மேனேஜர் பாராட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக எச்சரித்தது என் ஜூனியர்.

"அண்ணா, ஷெட்யூல்ல கமோடு எண்ணிக்கை குறையுதுங்க. போடியம் லெவலே வரலைங்க."

"ஃபில்டர்ல ஏதாவது கை வெச்சிருப்பம்மா. பிளானைப் பாரு, இருக்குதுல்ல?"

"பிளான்ல இருக்குதுங்கண்ணா. ஆனா..."

"இருக்குதுல்ல? அப்புறம் என்ன ஆனா?"

அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலமே பட்டியலை அனுப்ப வேண்டும். ரெவிட்டின் ஷெட்யூலில் எண்ணிக்கையைக் கையால் திருத்த முடியாது. மாடலில் உள்ளதைத்தான் அது எண்ணும். எக்செலுக்கு ஏற்றுமதி செய்தால் திருத்தலாம். பிளானைப் பார்த்து விரலால் எண்ணி, எக்செலில் போடியம் தளத்துக்கு ஒரு வரியைச் சேர்த்து, கூட்டுத்தொகையையும் மாற்றினேன். எண்ணிக்கை மிகச் சரி. அதில் ஒரு கமோடுகூட விட்டுப்போகவில்லை.

எல்லா மாடல்களையும் நேவிஸ்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் சேர்த்து, எது எதன்மேல் இடிக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். குழாய் பீமில் இடிக்கிறதா, டக்ட் சீலிங்குக்குக் கீழே தொங்குகிறதா என்றெல்லாம் அது பட்டியல் கொடுக்கும். கிளாஷ் ரிப்போர்ட் என்போம். வீடுகள் இருக்கும் தளங்களுக்குப் பக்கம் பக்கமாக வந்தது. கமோடிலிருந்து இறங்கும் குழாய் கீழே பீமில் முட்டுகிறது, பேசின் குழாய் மின்சாரப் பெட்டியைத் தொடுகிறது என்று. என் போடியம் கழிப்பறைகளில் ஒன்றுகூட இல்லை. மீட்டிங்கில் அந்த ரிப்போர்ட்டைத் திரையில் காட்டினார்கள். "ஆரம்பத்திலேயே கவனமா போட்டா கிளாஷ் வராது" என்று நான் சொன்னேன். அடக்கமான குரலில்தான் சொன்னேன். அது இன்னும் மோசம். ஜூனியர் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

போடியம் ஸ்லாபுக்குக் கான்கிரீட் போட்டு முடித்த பிறகு அந்தப் போன் வந்தது. குழாய் வேலையை ஒருங்கிணைக்கும் இன்ஜினியர், சைட்டில் இருப்பவர், நாகர்கோவில்காரர்.

"சார், ஜிம் பக்கத்து டாய்லெட்ல ஸ்லீவே இல்ல. ஸ்லாப் போட்டாச்சு."

ஸ்லீவ் என்பது கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஸ்லாபில் ஓட்டைக்காக வைக்கும் குழாய்த் துண்டு. கமோடின் கழிவுக் குழாய் 110 மில்லிமீட்டர் என்றால் அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்றை வைத்துவிடுவார்கள். எங்கெங்கே வைப்பது என்பதைக் குழாய் மாடலிலிருந்து எடுப்பார்கள். குழாய் மாடலோ எங்கள் மாடலை இணைத்து, அதிலுள்ள கமோடு, பேசின்களைத் தன் பக்கம் நகலெடுத்து, அவற்றின் வாயில் குழாயைச் சேர்த்துச் செய்யப்படுவது.

"உங்க பக்கம் லிங்க் சரியா லோட் ஆகியிருக்காதுங்க. எங்க ஷீட்ல எல்லாம் தெளிவா இருக்கு" என்றேன்.

"ஷீட்ல இருக்கு சார். மாடல்ல ரூம் காலியா இருக்கு. நீங்களே ஒருக்கா திறந்து பாருங்க."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கழிப்பறைகளை நான் முப்பரிமாணத்தில் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததே இல்லை. எத்தனையோ முறை பிளானைப் பெரிதாக்கிக் கோட்டின் தடிமன் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குள் போனதில்லை.

போனைக் காதில் வைத்தபடியே அறைச் சுவர்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பகுதியை மட்டும் முப்பரிமாணத்தில் பிரித்துக் காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். சீலிங்கை மறைத்தேன். மெதுவாகச் சுழற்றினேன். தரையில் டைல்ஸ் இருந்தது. கியூபிக்கிள்களின் தடுப்புச் சுவர்கள் வரிசையாக நின்றன. கதவுகள் இருந்தன, கதவில் கைப்பிடிகூட இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. ஒவ்வொரு கியூபிக்கிளாக எட்டிப் பார்த்தேன். ஷவர் இருக்க வேண்டிய இடத்தில் தரை. பேசின் இருக்க வேண்டிய இடத்தில் சுவர்.

பிளானுக்குத் திரும்பினேன். எல்லாம் அழகாக இருந்தன. ஒரு பேசின்மேல் மவுஸை வைத்தேன். சின்னக் கட்டம் ஒன்று எழும்பியது: டீட்டெய்ல் ஐட்டம்ஸ், பிறகு நான் வைத்த பெயர். அடுத்ததன்மேல் வைத்தேன். அதே. என் மவுஸ் அந்தக் கோடுகளைக் கடந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டம் எழும்பித்தான் இருக்கும். கோட்டைப் பார்த்தேனே தவிர, அந்த எழுத்தைப் படித்ததில்லை.

"சார், இருக்கீங்களா?" என்றார் அவர்.

"இருக்கேன்."

"ரூம் காலிதானே?"

"ஆமாங்க."

கிளாஷ் ஏன் வரவில்லை என்பதும் அந்த நொடியில் புரிந்தது. இடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்தத் திரையையும் அடக்கமான என் குரலையும் நினைத்தபோது காது சூடானது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசையில் ஜூனியர் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் நான் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

அது போஸ்ட் டென்ஷன் ஸ்லாப். கான்கிரீட் இறுகிய பிறகு, உள்ளே ஓடும் எஃகு வடங்களை ஜாக்கி வைத்து இழுத்து முறுக்கேற்றிவிடுவார்கள். முறுக்கேறிய வடத்தில் துளைபோடும் இயந்திரம் பட்டால் ஸ்லாபின் பலமும் போகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அதனால் நினைத்த இடத்தில் கோர் கட்டிங் போட முடியாது. முதலில் ஸ்லாபை ஸ்கேன் செய்து, வடம் ஓடும் தடத்தைச் சாக்பீஸால் குறித்து, ஸ்டிரக்சர் இன்ஜினியரிடம் ஒவ்வோர் ஓட்டைக்கும் அனுமதி வாங்க வேண்டும். பல ஓட்டைகளுக்கு அனுமதி கிடைத்தது. சில இடங்களில் வடம் நேராகக் கமோடுக்கு அடியிலேயே ஓடியது. அங்கே கமோடை நகர்த்தினார்கள். கமோடு நகர்ந்ததால் தடுப்புச் சுவர் நகர்ந்தது, கதவும் நகர்ந்தது. ஒரு கியூபிக்கிளுக்கு எந்த வழியும் இல்லாமல், கடைசியில் அது துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையானது. நான் பாட்டில் டிராப் வரைக்கும் வரைந்த செக்‌ஷன் அந்த அறையை வெட்டித்தான் போகிறது.

படத்தையும் மாடலையும் ஒப்பிட்டுப் பார்க்காதது குழாய்க்காரர்களின் தவறு என்று எங்கள் தரப்பில் வாதாடினார்கள். அதிலும் நியாயம் இருந்ததால் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழவில்லை. ஆனாலும் பில்லில் நல்ல பிடித்தம். அலுவலகத்தில் விசாரணை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அனுப்புறதுக்கு முன்னாடி யாரு செக் பண்ணினது?"

"டீமாத்தான் செக் பண்ணினோம் சார்" என்றேன்.

அந்த டீமில் நானும் அவளும்தான் இருந்தோம். ஷெட்யூல் குறைகிறது என்று அவள் சொன்னதும், நான் எக்செலில் வரி சேர்த்ததும் அங்கே எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த வருஷம் சம்பள உயர்வுக் கடிதம் வந்தபோது இருவருக்குமே பெயருக்குத்தான் இருந்தது. எனக்கு அது நியாயம். அவள் தன் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைப்பதைப் பார்த்த பிறகுதான் மேனேஜர் அறைக்குப் போய் எக்செல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். கொடுத்த கடிதத்தை யாரும் திருத்தவில்லை.

அதன்பின் எனக்குச் சில பழக்கங்கள் வந்தன. எதைத் தொட்டாலும் மவுஸை ஒரு கணம் நிறுத்தி, எழும்பும் கட்டத்தில் வகையின் பெயரைப் படிக்கிறேன். பிளம்பிங் ஃபிக்சர் என்றால் சரி, டீட்டெய்ல் ஐட்டம் என்றால் நிற்கிறேன். தேர்ந்தெடுத்தால் பண்புப் பட்டியலில் எந்தத் தளம், எந்தக் கட்டத்தில் கட்டப்படுகிறது என்று இருக்கிறதா பார்க்கிறேன். வெறும் கோட்டுக்கு அதெல்லாம் இருக்காது. எடுக்கும் இடத்தையும் பார்க்கிறேன். ரெவிட்டில் காம்பொனென்ட் என்ற பெயரில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஆர்க்கிடெக்சர் பட்டையில் இருப்பது பொருளை வைக்கும். குறிப்பு எழுதும் பட்டையில் இருப்பது கோட்டை வைக்கும். முப்பரிமாணப் படத்தைத் திறந்துவைத்தால் இரண்டாவது மங்கிவிடும். ஒரு தளம் முடிந்ததும் கூரையைக் கழற்றி ஒவ்வோர் அறையாகப் பார்க்கவும் செய்கிறேன். அலுப்பான வேலைதான்.

என் ஜூனியர் இப்போது ஜூனியர் இல்லை. வெளியே போகும் மாடல்களை எல்லாம் சோதித்து அனுப்பும் பொறுப்பு அவளுடையது. என் மாடலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று நடந்ததைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. டீ குடிக்கும் நேரத்தில் அவளுடைய மகனின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் ஓர் ஓட்டலின் வரவேற்புக் கூடத்தை முடித்து அவளுக்கு அனுப்பினேன். வகையெல்லாம் படித்துப் பார்த்து அனுப்பியதுதான். சோஃபாக்கள்மேல் மவுஸை வைத்தால் ஃபர்னிச்சர் என்று வந்தது. பட்டியலில் எண்ணிக்கையும் சரியாக இருந்தது. மேசையில் வேலை குவிந்திருந்ததால் கூரையைக் கழற்றிப் பார்ப்பதை மட்டும் அன்று விட்டுவிட்டேன். மதியம் அவளே என் இடத்துக்கு வந்தாள்.

"அண்ணா, லாபி சோஃபா த்ரீடியில வரலைங்க."

"ஃபர்னிச்சர்னுதானேம்மா காட்டுது? ஷெட்யூல்லயும் வருதே?"

"வகை ஃபர்னிச்சர்தானுங்க. ஃபேமிலியைத் திறந்து பாருங்க, உள்ள வெறும் கோடுதான் இருக்குது."

திறந்தேன். அவள் சொன்னது சரி. ஃபேமிலியைச் செய்தவர் வகையை ஃபர்னிச்சர் என்று வைத்துவிட்டு, பிளானுக்கான கோடுகளை மட்டும் வரைந்து நிறுத்தியிருந்தார். ரெவிட்டோடு வரும் நூலகத்திலேயே கமோடு, குளியல்தொட்டிகளில் இப்படிச் சில உண்டு. அங்கேயாவது பெயரின் கடைசியில் டூடி, த்ரீடி என்று போட்டிருப்பார்கள். நான் எங்கிருந்தோ இறக்கிய இந்த சோஃபாவின் பெயரில் அதுவும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் இருந்து வீட்டில் ஆள் இல்லாத மாதிரி, பட்டியலில் எண்ணப்பட்டுக்கொண்டு கூடத்தில் இல்லாமல் இருந்தது.

"இப்பத்தான் பார்க்கறேன்" என்றேன்.

"சரிங்கண்ணா. மாத்திட்டு நாளைக்குக் காலையில மறுபடி அனுப்பிடுங்க. இந்தத் தடவை நான் முதல்ல த்ரீடியைத்தான் திறப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொன்னேன்.